தடையில்லாச் சான்றிதழில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதே பகுதியில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் படித்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அவர், வேலை முடித்து வந்து மாலையில் படித்து வாங்கும் பி.இ. பட்டத்தைப் ‘பாதிப் பட்டம்’ என்று எழுதியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்களாம், மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்களாம். நான் கோவையில் இயந்திரவியல் பகுதி நேர பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது முப்பத்தெட்டு. தூங்குகிறவனும் நான்தான், கடிகாரம் பார்க்கிறவனும் நான்தான். அதனால் பதில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தூக்கத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய வெப்ப இயக்கவியல் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. ‘நீராவியின் என்தா’ என்று, ‘என்தால்பி’ என்ற சொல்லின் பாதியிலேயே எழுத்து நிற்கிறது. அங்கிருந்து பேனா முனை சரிந்து, பக்கத்தின் ஓரம் வரை ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, ‘அப்பா, இது என்ன கிராஃப்?’ என்று கேட்டாள். அன்று நான் எழுந்தது காலை நாலே முக்காலுக்கு. ஆறரைக்கு முதல் ஷிப்ட். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்த பிறகு அவசர ஆர்டர் என்று ஐந்து மணி வரை ஓவர்டைம். அதன் பிறகு குறிச்சியிலிருந்து உக்கடம் வழியாக அவினாசி சாலை. மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தூண்களுக்கு நடுவே பைக்கை உருட்டாத குறையாக ஊர்ந்து, ஆறே காலுக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்று பட்ட பிறகு கண் எத்தனை நேரம் தாங்கும்?

ஆனால் தூங்கியவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று பேராசிரியர் முடிவு கட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை. முதலில் காலக் கணக்கைப் பார்த்துவிடலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பகல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் ஆறு செமஸ்டரில் வெளியே வந்துவிடுகிறார்கள். அதே டிப்ளமோவோடு மாலையில் சேர்ந்த எங்களுக்கு ஏழு செமஸ்டர், மூன்றரை ஆண்டு. பாதிப் பட்டத்துக்கு அரை ஆண்டு கூடுதலாக யார் படிப்பார்கள்?

அதைவிட முக்கியமாக, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக நான், துளையின் அளவைச் சரிபார்க்கும் பிளக் கேஜ் பிடித்து வேலை செய்கிறேன். இருபத்தைந்து மில்லிமீட்டர் துளை என்றால் கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், சிவப்பு வளையம் போட்ட மறுமுனை போகக் கூடாது. போனால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி சொன்னது அவ்வளவுதான், நானும் எனக்குப் பின்னால் வந்த பையன்களுக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் செமஸ்டரில் ஒரு மாலை, உற்பத்தித் தொழில்நுட்ப வகுப்பில் ஆசிரியை பலகையில் ‘25 எச்7/ஜி6’ என்று எழுதினார். வரைபடத்தில் ஆயிரம் முறை பார்த்த எழுத்துதான். எச்7 என்றால் துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். ஜி6 என்றால் அதற்குள் நுழையும் ஷாஃப்ட், அதாவது தண்டு, 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். எனவே எந்தத் துளையும் எந்த ஷாஃப்டும் சந்தித்தாலும் நடுவில் குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய எழுபது மைக்ரான். கையால் தள்ளினால் ஆட்டமில்லாமல் நுழைகிற அந்தப் பொருத்தம் இந்த இடைவெளிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். துளையின் கீழ் அளவை மட்டும் ஏன் சரியாக 25.000இலேயே நிறுத்திவிட்டு, ஷாஃப்டை மட்டும் கூட்டிக் குறைக்கிறோம்? முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் என் கைப்பெட்டியில் கிடக்கும், துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் ரீமர் ஞாபகத்துக்கு வந்தது. ரீமரின் அளவு நிலையானது. இருபத்தைந்து ரீமர் இருபத்தைந்துதான் போடும். துளையை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ரீமர், ஒரு கேஜ் வாங்க வேண்டும். ஷாஃப்டை லேத்தில் எந்த அளவுக்கு வேண்டுமானாலும் கடைந்துகொள்ளலாம். எழுந்து இதைச் சொன்னேன். ஆசிரியை என்னைவிட எட்டு வயதாவது இளையவர். ‘புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பதை நீங்கள் ஒரே ரீமரில் சொல்லிவிட்டீர்கள்’ என்றார். பகல் கல்லூரியில் படிக்கும் பதினெட்டு வயதுப் பையன் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருப்பான், சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் காலை ஆறரைக்கு அந்தக் கேஜைக் கையில் எடுத்தபோது எனக்கு இருந்த உடல் சிலிர்ப்பு அவனுக்கு வாய்க்காது.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. டெய்லரின் கருவி ஆயுள் சமன்பாட்டை நான்காம் செமஸ்டரில் நடத்தினார்கள். வெட்டு வேகம் கூடக் கூடக் கருவியின் ஆயுள் எப்படிச் சரிகிறது என்று சொல்கிற சமன்பாடு. கருவியில் மாட்டிக் கழற்றும் வெட்டுத் துண்டான கார்பைடு இன்சர்ட்டுக்கு, சமன்பாட்டின் அடுக்கெண்ணைச் சுமார் 0.25 என்று வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே இன்சர்ட்டின் ஆயுள் நிமிடக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் சி.என்.சி. லேத்தில் இ.என்.8 எஃகு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் இன்சர்ட்டின் ஒரு முனைக்கு நாற்பது பீஸ் வந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு 180க்கு இறக்கினேன். ஒவ்வொரு பீஸுக்கும் வெட்டும் நேரமும் கூடுகிறதல்லவா, அதையும் கழித்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து பீஸ் வர வேண்டும். ஐம்பத்திரண்டு வந்தது. கடலை மடித்த காகிதத்தில் எழுதிவைத்த கணக்கு அது, இன்னும் பர்ஸில் இருக்கிறது. இன்சர்ட் செலவு குறைந்தது, நேரம் கூடியது, மொத்தத்தில் எது லாபம் என்பது அடுத்த கணக்கு. அதையும் அந்தப் பாடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அந்த டெய்லர் யாரென்று தேடிப் படித்தேன். ஃபிரெட்ரிக் டெய்லர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மிட்வேல் உருக்காலையில் 1878இல் கூலியாளாகச் சேர்ந்தவர். பட்டறையிலேயே மேலே ஏறி, வேலையை விடாமல் வீட்டில் படித்து, தேர்வுக்கு மட்டும் போய் எழுதி, 1883இல் நியூஜெர்சி ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் பட்டம் வாங்கினார். உலோகம் வெட்டுவது பற்றி இருபத்தாறு ஆண்டுகள் சோதனை செய்து 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையில்தான் இந்தச் சமன்பாடு இருக்கிறது. ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்தவரும் இவரே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு, அது வேறு விஷயம். ஆனால் உலகத்தில் உள்ள உற்பத்திப் பொறியியல் மாணவர்கள் அத்தனை பேரும் படித்தாக வேண்டிய சமன்பாட்டைத் தந்தவர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். பேராசிரியர் இவருடைய பட்டத்தில் எந்தப் பாதியைக் கழிப்பார்?

நம் ஊருக்கே வந்தால், அவினாசி சாலை மேம்பாலத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்? 1945இல் இந்த ஊரில் பொறியியல் கல்லூரி வருவதற்குக் கை கொடுத்துவிட்டு, நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டில் சொல்லித்தரலாம் என்று வாதாடி, எடுபடாமல் விலகியவர். எங்களுக்கு இரண்டு ஆண்டு வேண்டாம். மூன்றரை ஆண்டே இருக்கட்டும். அந்த மூன்றரை ஆண்டும் வகுப்புக்கு வர விட்டால் போதும்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பகுதி நேரப் படிப்பில் சேரும்போது வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். ‘இவர் எங்களிடம் பணிபுரிகிறார், வேலை நேரத்துக்கு வெளியே படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று ஒன்றரை வரி, கீழே கையெழுத்து, முத்திரை. வேலை நேரம் எது என்று அதில் இல்லை. எங்கள் ஆலையில் இரண்டு ஷிப்ட். முதல் ஷிப்ட் ஆறரை முதல் மூன்று, இரண்டாம் ஷிப்ட் மூன்று முதல் பதினொன்றரை. வாரத்துக்கு ஒரு முறை மாறும். அப்படியென்றால் ஒரு வாரம் கல்லூரிக்குப் போகலாம், மறு வாரம் போக முடியாது. தேர்வு எழுத வேண்டுமென்றால் 75 சதவீத வருகை வேண்டும். ஒன்று விட்டு ஒரு வாரம் என்றால் எத்தனை சதவீதம் என்று சொல்ல பி.இ. படிக்க வேண்டியதில்லை.

முதல் நான்கு செமஸ்டர் நான் தப்பித்தது ஒரு எருமையும் இரண்டு மாடுகளும் செய்த புண்ணியம். என்னோடு அதே லைனில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அன்னூர்ப் பக்கத்துக்காரர். காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வர அவருக்கு இரண்டாம் ஷிப்ட்தான் தோது. எனக்கு முதல் ஷிப்ட்தான் தோது. இருவரும் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசி, நிரந்தரமாக மாற்றிக்கொண்டோம். ஆலைக்கு ஒரு பைசா செலவில்லை. மிஷின் நிற்கவில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குப்பாத்திரம் தயிர் வரும், என் வீட்டிலிருந்து முறுக்கு போகும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஐந்தாம் செமஸ்டரில் சூப்பர்வைசர் மாறினார். புதியவர் நல்லவர், வேலை தெரிந்தவர், ஆனால் ‘எல்லோருக்கும் ஒரே ரூல்’ என்கிறவர். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அடுத்த திங்கட்கிழமை பலகையில் என் பெயர் இரண்டாம் ஷிப்டில் இருந்தது. விட்டுவிட்டு ஆறு வாரம் நடந்த இந்தக் கூத்தில் இரண்டு பாடங்களில் வருகை குறைந்தது. அதில் ஒன்று, நான் ஆசைப்பட்டு எதிர்பார்த்திருந்த அளவியல். பதினான்கு வருடம் மைக்ரோமீட்டர் பிடித்தவனை அளவியல் தேர்வு எழுத விடவில்லை. கல்லூரி விதியைக் குறை சொல்லவில்லை. வகுப்புக்கு வராதவனுக்கு எப்படி அனுமதி கொடுப்பார்கள்? சூப்பர்வைசரையும் குறை சொல்லவில்லை. அந்த ஒன்றரை வரிச் சான்றிதழைத்தான் சொல்கிறேன்.

என் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் ஒரு பம்ப் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிற சகோதரி இருக்கிறார். வகுப்பிலேயே ஒரே பெண். ஒன்பதே காலுக்கு வகுப்பு முடியும்போது அவர் கணவர் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். வார்ப்பாலையில் மோல்டிங் பிரிவில் இருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் கரிமண் அடையாளம் விழும். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒருவர் வருகிறார். எங்கள் கூட்டத்தில் ஷிப்ட் கவலை இல்லாதவர், சொந்தமாக இரண்டு லேத் வைத்திருக்கும் ஒரு முதலாளி மட்டும்தான். அவருக்கும் மின்தடை அன்று மட்டும்தான் நிம்மதியாக வர முடிகிறது. முதல் செமஸ்டரில் சேர்ந்தவர்களில் ஏழு பேர் இப்போது இல்லை. கணக்குப் பாடம் வராமல் போனவர் ஒரே ஒருவர். மற்ற ஆறு பேரும் ஷிப்டால் போனவர்கள்.

கணக்குப் பாடம் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோரியர் தொடர் எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. டிப்ளமோ முடித்துப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. வகுப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவன், ‘அண்ணா, நீளமான ஷாஃப்டைக் கடையும்போது டூல் அதிர்ந்து ஒரு சத்தம் வருமே, அதைக் காதால் கேட்டே பேரிங் சத்தம் தனி, டூல் சத்தம் தனி என்று பிரித்துவிடுவீர்கள் இல்லையா? அதைக் காகிதத்தில் செய்வதுதான் இது’ என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாடத்தில் எனக்கு 61 மதிப்பெண். டீக்கு அன்று நான்தான் காசு கொடுத்தேன்.

வேறு வழியில் படித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் ஆலையின் மூத்த இன்ஜினீயர், இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதியவர். செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று வேலையை விடாமலே எழுதி முடித்துப் பொறியாளர் ஆனவர். 2013 மே மாத இறுதிக்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் அதை மத்திய அரசு பட்டத்துக்குச் சமமாக ஏற்கிறது. எனக்கு அந்தக் கதவு அடைபட்டது. தபால் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்த கதை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆய்வகம் பார்க்காமல் பொறியாளர் ஆக முடியாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆக, வேலையையும் விடாமல், முறையான பட்டமும் வேண்டும் என்பவனுக்கு எஞ்சியிருப்பது மாலைக் கல்லூரி. அதிலும் ஆலைப் பலகையில் சாக்பீஸால் எழுதும் ஒரு பெயர் வந்து குறுக்கே நிற்கிறது.

ஆய்வகம் என்றதும் சிரிப்பு வருகிறது. முதல் செய்முறை வகுப்பில் லேத்தில் ஃபேசிங், ஸ்டெப் டர்னிங் செய்யச் சொன்னார்கள். வகுப்பில் பதினொரு பேர் அதைச் செய்துதான் சோறு சாப்பிடுகிறோம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, பல நாளாகத் திருகு வெட்டும்போது நழுவிக்கொண்டிருந்த ஒரு லேத்தின் ஹாஃப் நட்டைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தோம். அந்த நேரத்தில் எங்களுக்கு முப்பரிமாண அளவீட்டு இயந்திரத்தில் ஒரு வகுப்பு கூடுதலாக வைத்திருந்தால் கும்பிட்டிருப்போம். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் ஒரு மாலை வந்து எங்கள் கைகளைப் பார்க்கலாம்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பகுதி நேர பி.இ. சேர்க்கைக்குக் கேட்கும் தடையில்லாச் சான்றிதழின் வாசகத்தைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே அச்சடித்துக் கொடுக்கட்டும். அதில் இப்படி ஒரு வரி சேரட்டும்: ‘செமஸ்டர் நடக்கும் மாதங்களில், வகுப்பு உள்ள நாட்களில் இவரை மாலை ஷிப்டில் போடமாட்டோம்.’ முடியாது என்கிற ஆலை முன்கூட்டியே முடியாது என்று சொல்லிவிடட்டும். சேர்ந்து, பணம் கட்டி, இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட அது மேல். கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் சுலபம். ஒவ்வோர் ஆலையிலும் காலை வேளையில் வீட்டு வேலை இருக்கிற, இரண்டாம் ஷிப்டை விரும்புகிற ஒருவராவது இருப்பார். மாடு இல்லாவிட்டால் தோட்டம் இருக்கும், தோட்டம் இல்லாவிட்டால் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பேராசிரியருக்கு ஒரு வார்த்தை. ஐயா, நீங்கள் மாலை வகுப்புக்கு ஒரு நாள் வாருங்கள். கடைசி பெஞ்சில் யாராவது தூங்கினால் எழுப்ப வேண்டாம், அவர் பக்கத்தில் திறந்து கிடக்கும் நோட்டை மட்டும் புரட்டிப் பாருங்கள்.

அளவியல் பாடத்தை வரும் செமஸ்டரில் மறுபடி படிக்கப் பதிவு செய்திருக்கிறேன். அன்னூர் அண்ணன் மறுபடியும் சூப்பர்வைசரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது என்ற காரணமும் கையில் இருக்கிறது.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆலையின் செக்யூரிட்டி அறையில் உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறார்கள். ஷிப்ட் போடுகிறவர் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தை.

இப்படிக்கு,
பகுதி நேர மாணவன்,
குறிச்சி, கோவை.